திருப்பூர் போறீங்களா? நல்ல சாப்பாடு வேணும்னா முதல்ல மணியைப் பாருங்க!

காதர்பேட்டையில் பனியன், லெக்கிங்ஸ், குழந்தைகளுக்கு ட்ராயர், மாமனாருக்கு அரை டஜன் பாக்கெட் வைத்த ஜட்டி எல்லாம் வாங்கி முடித்து நிமிர்ந்தால் மணி மூன்றேகால். சின்னவன் பசியில் சிணுங்குகிறான். பெரியவள் பேசுவதையே நிறுத்திவிட்டாள். அப்பா போனை எடுத்து 'அருகில் உள்ள நல்ல ஹோட்டல்' என்று தட்டுகிறார். நாலு ஸ்டாருக்கு மேல் வாங்கிய ஒரு கடை வருகிறது. ஆட்டோ பிடித்துப் போனால், "சாப்பாடு முடிஞ்சுதுங்க சார், ஃப்ரைடு ரைஸ் இருக்குதுங்க" என்கிறார்கள். வேறு வழியில்லை. ஆறிப்போன ஃப்ரைடு ரைஸையும் சிவப்பு நிறத்தில் மின்னும் கோபியையும் சாப்பிட்டுவிட்டு, பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, 'திருப்பூர்ல சாப்பாடே சரியில்ல' என்ற தீர்ப்போடு ரயில் ஏறுகிறது குடும்பம்.

ரெண்டு மணி நேரம் முன்னால் கிளம்பியிருந்தால், அதே பகுதியில் ஒரு மெஸ்ஸில் இலை போட்டு, குழம்பு ரசம் மோர் என்று வயிறு நிறையச் சாப்பிட்டு, பில்லும் பாதிக்குப் பாதி குறைந்திருக்கும்.

ஊட்டி, கொடைக்கானல், ராமேஸ்வரம் மாதிரி ஊர்களில் ஹோட்டல்கள் நம்முடைய பசிக்காகக் காத்திருக்கும். எப்போது போனாலும் ஏதாவது கிடைக்கும். திருப்பூருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. தினமும் வெளியூர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் வந்து போகிற ஊர்தான். ஆனால், இங்கே அடுப்பு எரிவது பனியன் கம்பெனியின் மணிக்கணக்குப்படி. அந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால், புது ஊரில் எங்கே சாப்பிடுவது என்ற கவலை பாதி தீர்ந்தது.

எட்டரை டு எட்டரை

திருப்பூரில் பனியன் தொழில் 1925 வாக்கில் தொடங்கியதாகச் சொல்வார்கள். 1978-ல் வெரோனா என்ற இத்தாலி வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடி இங்கே வந்த பிறகு ஏற்றுமதி சூடுபிடித்தது. 2024-25 நிதியாண்டில் இந்த ஊர் வெளிநாடுகளுக்கு அனுப்பிய ஆடைகளின் மதிப்பு சுமார் 40,000 கோடி ரூபாய். இவ்வளவையும் தைத்து, மடித்து, பெட்டியில் போடும் ஆட்கள் காலை எட்டரை மணிக்குக் கம்பெனிக்குள் போகிறார்கள். ஒரு ஷிப்ட் என்றால் சாயங்காலம் ஐந்தரை வரை. ஆர்டர் இருந்தால் அதற்கு மேல் அரை ஷிப்ட். வெளியே வர இரவு எட்டரை ஆகிவிடும். இதற்குப் பெயரே 'ஒன்றரை ஷிப்ட்'. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்னே பின்னே மாறலாம், அவ்வளவுதான்.

இந்த ஊரில் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போகிற வீடுகள் ஏராளம். அவர் பவர் டேபிளில் டைலர் என்றால், இவர் செக்கிங் அல்லது கை மடிக்கிற வேலை. இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து, அதற்கு மேல் அடுப்பைப் பற்றவைத்து, கல்லில் மாவு ஊற்றி, சட்னி அரைத்து... எத்தனை நாளைக்கு முடியும்? அதனால்தான் தெருவுக்கு ஓர் இட்லிக்கடை, முக்குக்கு ஒரு புரோட்டாக்கடை. பல குடும்பங்களுக்கு ராத்திரி சமையல்கட்டே தெருவில்தான் இருக்கிறது.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். சுற்றுலாத் தலத்து ஹோட்டலுக்கு நீங்கள் ஒரே ஒரு தடவை போகப்போகிறீர்கள். சாம்பார் சரியில்லை என்றாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை, நாளைக்கு வேறொரு குடும்பம் வரும். திருப்பூர் மெஸ்ஸுக்கு வருகிறவர் வாரத்தில் ஆறு நாளும் அதே பெஞ்சில் உட்காருகிறவர். ஒரு நாள் குழம்பு புளித்தால் மறுநாள் கூட வேலை செய்கிற நாலு பேரையும் கூட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவார். இப்படித் தினமும் பரீட்சை எழுதுகிற கடைதான் நமக்கு வேண்டும்.

காலையில் கூழ் வண்டி

முதல் நாள் இரவே வந்து லாட்ஜில் தங்குபவர்களுக்குக் காலை சாப்பாடு சுலபம். ஏழிலிருந்து எட்டேகால் வரை டிபன் கடைகளில் இட்லி சூடாக இறங்கிக்கொண்டே இருக்கும். எட்டரைக்கு மணி அடித்ததும் கூட்டம் சட்டென்று வடிந்துவிடும். அதற்குப் பிறகு கிடைப்பது ஹாட் பாக்ஸில் இருந்த இட்லி.

வெயில் காலமென்றால் பத்து மணிக்கு மேல் சாலையோரத்தில் கம்மங்கூழ் வண்டிகளைத் தேடுங்கள். கம்பும் ராகியும் கொங்கு மண்ணின் பழைய சாப்பாடு. மோர் விட்டுக் கரைத்த கூழுக்குச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய், மாங்காய்த் துண்டு என்று தொட்டுக்கொள்ள வைப்பார்கள். காதர்பேட்டைச் சந்துகளில் நடக்கப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல தெம்பு இல்லை. ஒரே ஒரு விஷயம், தண்ணீர். சாயப்பட்டறைக் கழிவால் நொய்யலும் நிலத்தடி நீரும் கெட்டுப்போன கதை ஊரறிந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, ஊரே ஸ்தம்பித்து நின்றது. பவானி ஆற்றிலிருந்து குழாய் போட்டுத்தான் தண்ணீர் வருகிறது. அதனால் கூழோ மோரோ, எந்தத் தண்ணீரில் கரைக்கிறார்கள் என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். கேன் தண்ணீர் என்றால் கேனையே காட்டுவார்கள்.

மதியம் பன்னிரண்டரை... தவறவிட்டால் போச்சு

திருப்பூரில் சாப்பாட்டின் உச்சநேரம் பன்னிரண்டரை முதல் ஒன்றரை வரை. மெஸ் என்ற சின்ன போர்டு, நாலு மேஜை, சுவரில் ஒரு சாமி படம். வாசலில் டூவீலர்கள் தாறுமாறாக நின்றால் உள்ளே போங்கள். கம்பெனி சூப்பர்வைசர், கூரியர் பையன், ஜாப் ஒர்க் எடுக்கிறவர், பேங்க் ஊழியர் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பந்தி மாறி மாறி நடக்கும். ஒருவர் எழுவதற்காகப் பின்னால் நின்று காத்திருப்பதை இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இலையில் என்ன எதிர்பார்க்கலாம்? கொங்கு சமையலில் காரத்தைவிட வாசம் முன்னால் வரும். கொத்தமல்லி, சீரகம், மிளகு, சின்ன வெங்காயம், தேங்காய் ஆகியவற்றை வறுத்து அரைத்துச் சேர்ப்பது வழக்கம். மசாலா சாமானுக்கே இங்கே 'செலவு' என்றுதான் பெயர். சளி பிடித்தவருக்கும் பிள்ளை பெற்றவருக்கும் வைத்துக் கொடுப்பது செலவு ரசம். மெஸ்ஸில் ரசம் நன்றாக இருந்தால் கடைக்காரரிடம் "செலவு ரசம் வைப்பீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். வைக்காவிட்டாலும், கேட்ட வாய்க்காக அடுத்த கரண்டி குழம்பில் ரெண்டு துண்டு கூட விழும்! கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயறுக் குழம்பு இதெல்லாம் கிழமைக்கு ஒன்றாக வரும். இவற்றில் ஒன்று இலையில் விழுந்தால், அடுப்படியில் நிற்பவர் இந்த ஊர்க்காரர் என்று நம்பலாம்.

அசைவத்துக்கு வருவோம். பள்ளிபாளையம் சிக்கன் இல்லாத மெனு கார்டு இந்தப் பக்கம் கிடையாது. பள்ளிபாளையம் காவிரிக்கு இக்கரையில் இருக்கும் ஈரோட்டுக்கு நேர் எதிர்க்கரை ஊர். மசாலாப் பொடி எதுவும் தலைகாட்டாமல், விதை உதிர்த்த காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பல்லு பல்லாக நறுக்கிய தேங்காய், எண்ணெய், உப்பு, மஞ்சள். இவ்வளவுதான். தட்டில் குழம்பு மாதிரி மசாலா ஓடினாலோ, நாக்கில் சோயா சாஸ் தட்டினாலோ அது பள்ளிபாளையம் என்ற பெயரைக் கடன் வாங்கிய வேறு ஏதோ ஒன்று.

நாட்டுக்கோழி விஷயத்தில் இன்னும் உஷாராக இருங்கள். கறிக்கோழிக்குத் திருப்பூர் மாவட்டமே தலைநகர் மாதிரி. பக்கத்து ஊரான பல்லடத்தில் இருக்கும் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணை விலையைத்தான் கடைக்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள். அதனால் பிராய்லர் இங்கே புதிதாகக் கிடைக்கும், அதைத் தைரியமாகச் சாப்பிடலாம். இன்னொரு பக்கம் நாமக்கல்லில் முட்டையிட்டு ஓய்ந்த கோழிகளும் கறிக்கு வருகின்றன. அவை கொஞ்சம் கடினமாக, 'நாட்டுக்கோழி மாதிரி' இருக்கும். அந்த 'மாதிரி'யில்தான் சிக்கல். நாட்டுக்கோழி வேக நேரம் பிடிக்கும், உருப்படி சின்னது, விலை அதிகம். பிராய்லர் விலைக்கே, சொன்ன பத்தாவது நிமிடத்தில், தட்டு நிறைய நாட்டுக்கோழி வந்தால் யோசியுங்கள். (பறவை என்றதும் பெருந்துறைப் பக்கத்து ஆட்களுக்கு ஈமு ஞாபகம் வராமல் இருக்காது. நெடுஞ்சாலை ஓரமெல்லாம் ஈமு கறி போர்டு தொங்கிய காலம் ஒன்று இருந்தது. 2012-ல் பண்ணைகள் கவிழ்ந்து, முதலீடு செய்தவர்கள் தெருவுக்கு வந்ததோடு அந்த போர்டுகளும் காணாமல் போயின.)

ரெண்டு மணிக்கு மேல் மெஸ்ஸில் பாத்திரம் கழுவும் சத்தம்தான் கேட்கும். மூன்று மணிக்குப் பசித்தால் என்ன செய்வது? பெரிய சைவ ஹோட்டல்கள் இருக்கின்றன. இல்லையென்றால் பேக்கரி.

பேக்கரி என்றால் கேக் கடை இல்லை

வெளியூர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் குழப்பும். கோவை, திருப்பூர் பக்கம் "வாங்க, பேக்கரிக்குப் போலாம்" என்றால் டீ குடிக்கப் போகலாம் என்று அர்த்தம். முன்னால் டீ பட்டறை, கண்ணாடிக்குள் தேங்காய் பன், பப்ஸ், ஹனி கேக், பக்கத்திலேயே சூடாக வடையும் பஜ்ஜியும். கோவையில் ஒரு ஹோட்டல் உரிமையாளர் மத்திய நிதியமைச்சரிடம் 'பன்னுக்கு ஜிஎஸ்டி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவீதம்' என்று கேட்டு, 2024 செப்டம்பரில் நாடே பேசியதே, அந்த பன் இந்தப் பக்கத்து வாழ்க்கையில் எவ்வளவு முக்கியம் என்று பேக்கரி வாசலில் நின்றால் புரியும்.

கம்பெனிகளுக்குள் டீ போகும் விதமே தனி. முற்பகல் பதினொன்று வாக்கிலும் சாயங்காலமும் டீ கேனும் வடைத் தட்டுமாகப் பையன்கள் கிளம்புவார்கள். கணக்கு நோட்டில் ஏறும், சனிக்கிழமை தீரும். பனியன் தொழிலாளர் கூலி ஒப்பந்தம் பேசும்போது பஞ்சப்படியோடு டீ பேட்டாவுக்கும் சண்டை நடக்கும். டீக்கு அவ்வளவு மரியாதை உள்ள ஊர் இது.

இதில் நமக்கு என்ன லாபம்? கம்பெனி டீ டைமுக்குச் சற்று முன்னால் பேக்கரிக்குப் போனால் வடை எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்திருப்பார்கள். நாலு மணிக்கு மேல் எந்த பேக்கரியிலும் ஏமாற மாட்டீர்கள். தள்ளுவண்டிகளில் காளான் கிளறும் சத்தமும் அப்போது ஆரம்பித்துவிடும். கோவைப் பக்கம் பிறந்த இந்தக் காளானில் காளானைவிட முட்டைக்கோஸ்தான் அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே சாப்பிடுகிறோம்.

போனில் எதைப் பார்ப்பது?

ஸ்டாரைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால், ஸ்டாருக்கு ஒரு வரலாறு உண்டு. இன்றைக்கு உலகத்தில் பெரிய மதிப்பாகக் கருதப்படும் மிச்செலின் ஸ்டாரைக் கொடுப்பது ஒரு டயர் கம்பெனி. கார் வைத்திருப்பவர்கள் நிறையத் தூரம் ஓட்டினால்தானே டயர் தேயும்? அதற்காக 1900-ல் பிரான்ஸில் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டார்கள். ஹோட்டல்களுக்கு ஸ்டார் கொடுப்பது 1926-ல் வந்தது. வழிப்போக்கர்களுக்காகப் பிறந்த யோசனை. நம் போனில் இருக்கும் ஸ்டாரும் பெரும்பாலும் வழிப்போக்கர்கள் போட்டதுதான். ஏசி நன்றாக இருந்தது, பார்க்கிங் இருந்தது என்பதற்கெல்லாம் அஞ்சு ஸ்டார் விழும். தினமும் சாப்பிடும் டைலர் ரிவ்யூ எழுதுவதில்லை.

அதே மேப்பில் உருப்படியான இடம் இன்னொன்று இருக்கிறது. கடையைத் தொட்டு கீழே தள்ளினால், எந்த நேரத்தில் கூட்டம் என்று குச்சி குச்சியாக ஒரு படம் வரும். திங்கள், செவ்வாய், புதனில் மதியம் ஒரு மணிக் குச்சி உயரமாக இருந்தால் அது ஊர்க்காரர்கள் சாப்பிடும் கடை. ஞாயிறு மட்டும் எகிறினால், அங்கே போகிறவர்களில் நம்மைப் போன்றவர்கள் அதிகம். போட்டோக்களில் கடைக்காரர் போட்டதை விட்டுவிட்டு, சாப்பிட்டவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். சாப்பிட்டு முடித்த இலையைப் போட்டோ எடுத்துப் போட்டிருந்தால் ரொம்ப நல்லது. ரிவ்யூவை 'புதியது முதலில்' என்று மாற்றி, தமிழில் எழுதியதை மட்டும் படியுங்கள். ரெண்டு வருடத்துக்கு முந்தைய புகழ்ச்சியெல்லாம் மாஸ்டர் மாறியதோடு போயிருக்கும். புரோட்டா மாஸ்டர்கள் கடை மாறும் வேகத்துக்கு எந்த மேப்பும் ஈடுகொடுக்க முடியாது.

இதையெல்லாம் விடச் சுலபமான வழி ஒன்று உண்டு. காதர்பேட்டையில் சரக்கு வாங்கும் கடையில், பில் போடும் பையனிடம் கேளுங்கள். "நல்ல ஹோட்டல் எங்கே?" என்று கேட்டால் உங்கள் சட்டையைப் பார்த்து ஏசி ஹோட்டலைக் கைகாட்டுவார். "தம்பி, நீங்க மதியம் எங்க சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். பதிலே வேறு மாதிரி வரும்.

இரவு எட்டே முக்கால்

திருப்பூரின் நிஜமான சாப்பாட்டு நேரம் இதுதான். எட்டரைக்குக் கம்பெனிகள் விட்டதும் சாலை முழுக்க ஜனம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் காலி டிபன் பாக்ஸ், தலைமுடியில் பஞ்சுத் தூசி. அடுத்த ஒரு மணி நேரம் புரோட்டாக் கல்லுக்கு ஓய்வே கிடையாது. தெருமுனையில் ஓர் அக்கா ஆப்பமும் தோசையும் ஊற்ற, அவர் வீட்டுக்காரர் பார்சல் கட்டுவார், பத்தாவது படிக்கும் பிள்ளை காசு வாங்கிப் போடுவாள். "ஏனுங்ண்ணா, சட்னி கூட வைக்கட்டுங்களா?" என்ற குரல் எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரி கேட்கும். இந்தக் கடைகளுக்குப் பெயர் கிடையாது. மேப்பில் புள்ளியும் கிடையாது. 'ஸ்கூல் காம்பவுண்டு இட்லிக்கடை' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.

நிட்டிங், டையிங் யூனிட்கள் ராத்திரி முழுக்க ஓடுவதால், நடு ராத்திரிக்கும் எங்காவது ஒரு டீ பட்டறை எரிந்துகொண்டிருக்கும். கடைசி ரயிலைத் தவறவிட்டவர்கள் பயப்பட வேண்டாம்.

சனிக்கிழமை இரவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பல கம்பெனிகளில் வாரச் சம்பளம் கைக்கு வரும் நாள் அது. ஆறு நாள் இட்லி, தோசையில் ஓட்டிய குடும்பம் அன்றைக்குச் சில்லி சிக்கனும் முட்டை புரோட்டாவும் கேட்கும். சின்னக் கடைகளும் அன்றைக்குத்தான் நல்ல சரக்காக இறக்கும். கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால், வாரத்திலேயே ருசியான சாப்பாடு சனிக்கிழமை ராத்திரி சாப்பாடுதான்.

அந்தக் கூட்டத்தைப் பார்த்தே ஊரின் நிலவரத்தையும் சொல்லிவிடலாம். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, பேப்பரில் ஆர்டர், கன்டெய்னர் என்றுதான் செய்தி வந்தது. கம்பெனி வாசலில் அதற்கு அர்த்தம் வேறு. ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது அந்த அரை ஷிப்ட். அரை ஷிப்ட் நின்றால் வாரச் சம்பளத்தில் துண்டு விழும், ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்துவிடவும் நேரமிருக்கும். அடுப்பு வீட்டில் எரியும், புரோட்டாக்கடையில் மாவு மிஞ்சும். கையில் காசு குறையும்போது அரிசி, வாடகை, ஸ்கூல் பீஸ் எல்லாம் அப்படியே நிற்கும். கழிபடுவது சனிக்கிழமை ராத்திரிச் சில்லி சிக்கன்தான்.

கை ரொம்பவே இறுக்கமாக இருக்கும் ஆட்களுக்கு அம்மா உணவகம். 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கி, அதே ஆண்டு மற்ற மாநகராட்சிகளுக்கும் வந்தபோது திருப்பூருக்கும் கிடைத்தது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று ஆரம்பித்த திட்டம்.

ஞாயிறு, வேறு ஊர்

ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் சாப்பிடும் விதம் தலைகீழ். உள்ளூர்க் குடும்பங்கள் காலையிலேயே கறிக்கடையில் நின்று வாங்கி வந்து வீட்டில் சமைத்துவிடும். ஆபீஸ் கூட்டத்தை நம்பிய மெஸ்களில் பல அன்றைக்கு லீவு. வாரம் முழுக்கக் கூட்டமாக இருக்கிற கடையைத் தேடிப்போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பாதீர்கள், ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

ரயில்வே ஸ்டேஷன், குமரன் சாலை, காதர்பேட்டைப் பக்கம் அன்றைக்கு நடமாடுவது பெரும்பாலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். அவர்களுக்கு அது ஒன்றுதான் லீவு நாள். அறையில் நாலைந்து பேராகச் சேர்ந்து சோறும் உருளைக்கிழங்கும் பொங்கிச் சாப்பிடுகிறவர்கள், அன்றைக்கு மட்டும் வெளியே சாப்பிடுவார்கள். சமோசா, ஜிலேபி, பூரி-சப்ஜி, மோமோ என்று தள்ளுவண்டிகள் வரிசை கட்டும். போர்டில் இந்தி இருக்கும். பானி பூரி சாப்பிட வேண்டுமென்றால் அதை ஊரில் போட்டுப் பழகியவர் கையால், ஊர்க்காரர்கள் நிற்கும் வண்டியில் சாப்பிட்டுப் பாருங்கள். நம்மூர் மாலில் கிடைக்கும் பானி பூரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று தெரியும்.

தீபாவளி, பொங்கலை ஒட்டி வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தீபாவளிக்கு முந்தைய வாரம் போனஸ் கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்காது. தீபாவளி முடிந்த வாரம் தொழிலாளர்கள் எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கியிருக்கும்.

வயிறு பத்திரம்

கடைக்குள் நுழைந்ததும் உரிமத்தைத் தேட வேண்டாம், முதலில் எண்ணெயைப் பாருங்கள். கறுத்து, நுரை தள்ளி, புகை எழும்பினால் அந்த எண்ணெய் பல தடவை காய்ந்தது. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் சேரும் கெட்ட பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 முதல் நடைமுறையில் இருக்கும் விதி. கடையில் நின்று நம்மால் அளக்க முடியாது, மூக்கு சொல்லிவிடும். கோபி, சில்லி சிக்கன் பளீர் சிவப்பில் இருந்தால், குழந்தைகளுக்கு அதை வாங்காமல் இருப்பது நல்லது. பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதை விற்கத் தடை போட்டது. சாயம் துணிக்கு மட்டும் போதும்.

சுடச்சுட சாம்பாரை பிளாஸ்டிக் கவரில் ஊற்றிக் கட்டுவதும் இன்னும் நின்றபாடில்லை, தடை 2019 ஜனவரி 1 முதல் இருக்கிறது. ராத்திரி பார்சல் வாங்க ஒரு தூக்குப் போசி கொண்டுபோகும் பழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு. லாட்ஜில் தங்குபவர்கள் பையில் ஒரு டப்பா போட்டுக்கொண்டால் போதும். எந்தக் கடையிலாவது சாப்பாடு மோசமாக இருந்தால், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்குப் போட்டோவோடு அனுப்பலாம். கடை போர்டிலோ பில்லிலோ இருக்கும் 14 இலக்க உரிம எண்ணையும் சேர்த்து அனுப்பினால் கண்டுபிடிப்பது சுலபம்.

ஊரைத் தாண்டி ஒரு நடை

கார் இருந்தால் சாப்பாட்டை ஊருக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். ஈரோடு போகும் ரயில் பாதையிலேயே ஊத்துக்குளி. வெண்ணெய்க்கும் நெய்க்கும் பெயர் போன ஊர். வீட்டுக்கு நெய் வாங்கும்போது கொஞ்சம் வெண்ணெயை வாங்கி உருக்கிப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்குகிறவர்கள் விவரமானவர்கள். காங்கேயம் என்றால் எல்லாருக்கும் காளைதான் ஞாபகம் வரும், அங்கே தேங்காய் எண்ணெயும் அரிசியும் பெரிய வியாபாரம். பெருந்துறைக்குப் பக்கத்தில் சீனாபுரத்தில் 'யுபிஎம் நம்ம வீட்டு சாப்பாடு' இருக்கிறது. நீளமான இலையில் அசைவ வகைகளை வரிசையாகப் பரிமாறும் இடம். முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டு, வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் போக வேண்டும். 1960-ல் ஈரோட்டில் தொடங்கிய ஜூனியர் குப்பண்ணா இன்றைக்குப் பல ஊர்களில் இருக்கிறது, கொங்கு அசைவம் எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குப் பழக்கப்படுத்தியதில் அதற்கும் பங்குண்டு.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு சாப்பாடு பாக்கி இருக்கிறது. அரிசியும் பருப்பும். துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, மஞ்சள் போட்டு அரிசியோடு ஒன்றாக வேகவைத்து, இறக்கி, மேலே நெய் விட்டுச் சாப்பிடுவது. கூடத் தயிர், ஊறுகாய், சுட்ட அப்பளம். 'அரிசிம்பருப்பு' என்று இழுத்துச் சொல்வார்கள். கொங்கு நாட்டில் இதைச் சாப்பிடாமல் வளர்ந்த பிள்ளை இல்லை. ஆனால், ஹோட்டல் மெனுவில் தேடினால் அபூர்வமாகத்தான் அகப்படும். பத்து நிமிடம் ஆறினால் இறுகிக் கட்டியாகிவிடும் என்பதால் கடைக்குச் சரிப்பட்டு வராது. கம்பெனி விட்டு ஒன்பது மணிக்கு வரும் அம்மாவுக்கு ஒரே குக்கரில், மூன்று விசிலில் முடியும் சாப்பாடும் இதுதான்.

வெளியூர் வியாபாரிகளுக்கு இது கிடைக்க ஒரு வழி இருக்கிறது. ஒரே கடையில் தொடர்ந்து சரக்கெடுக்க வேண்டும். முதல் தடவை பேக்கரி டீ வாங்கிக் கொடுப்பார்கள். ரெண்டாவது தடவை மெஸ்ஸுக்குக் கூட்டிப்போவார்கள். மூணாவது நாலாவது தடவை, லாரி சர்வீஸில் மூட்டையைப் போட்டுவிட்டு மணி பார்க்கும்போது, "மழையா இருக்குதுங்க, இனி எங்கீங்க கடையத் தேடிட்டு... வீட்டுக்கு வாங்க, அரிசிம்பருப்பு ஆக்கச் சொல்லிட்டனுங்க" என்பார்கள்.

மறுக்காமல் போங்கள்.